மாற்று உறுப்புக்குக் காத்திருப்போரின் மார்புப் படத்தில் மறைந்திருக்கும் காசநோயைத் தேடும் முறை

உறவினர் ஒருவரிடமிருந்து பெற்ற சிறுநீரகத்தைப் பொருத்தி, இந்தியாவில் வெற்றி கண்ட முதல் அறுவை சிகிச்சை 1971இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடந்தது. அன்றுமுதல் இந்த ஊரில் மாற்று சிகிச்சைக்கு ஆயத்தம் செய்யும் மருத்துவர்கள், பொருத்திய உறுப்பை உடல் தள்ளிவிடுமோ என்று அஞ்சும் அளவுக்குக் காசநோய்க்கும் அஞ்சி வந்திருக்கிறார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. இந்திய மையங்கள் வெளியிட்ட ஆய்வுகளில், சிறுநீரகம் பெற்றவர்களில் ஏறத்தாழ 5 முதல் 13 சதவீதம் பேருக்குப் பின்னர் காசநோய் வந்ததாகப் பதிவாகியிருக்கிறது; அந்த வீச்சின் மேல் எல்லையில் நிற்கும் எண் வேலூரிலிருந்தே வந்தது. அவர்களில் பலருக்குக் கிருமி புதிதாக வெளியிலிருந்து வந்ததல்ல. இளமையிலோ குழந்தைப் பருவத்திலோ நுரையீரலுக்குள் நுழைந்து, உடலின் காவல் அணுக்களால் சூழப்பட்டு, பல ஆண்டுகளாக அடங்கிக் கிடந்த கிருமி, பொருத்திய உறுப்பை உடல் தள்ளாமலிருக்கத் தரும் டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், ஸ்டீராய்டு ஆகிய மருந்துகள் அந்தக் காவலைத் தளர்த்தியதும் எழுந்துகொள்கிறது. பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள்ளேயே இது நடக்கிறது.

எழுந்த பின் சிகிச்சை செய்வது கடினம். மற்றவர்களுக்கு வருவதுபோல் இருமலும் சளியும் முன்னே வருவதில்லை. காய்ச்சல் மட்டும் வந்து போகும், எடை குறையும், நோய் கல்லீரல், எலும்பு மஜ்ஜை, மூளை உறை என்று பரவிய பிறகே பிடிபடும். காசநோய்க்கு முதன்மை மருந்தான ரிஃபாம்பிசின், உறுப்பைக் காக்கும் டாக்ரோலிமஸின் அளவை இரத்தத்தில் வேகமாகக் குறைத்துவிடுவதால், ஒன்றைக் காக்கப் போய் மற்றொன்றை இழக்கும் நிலையும் நேரிடும். எனவே தேட வேண்டிய காலம் அறுவை சிகிச்சைக்கு முன்பே இருக்கிறது. மாற்று சிகிச்சைப் பிரிவில் பணியாற்றத் தொடங்கியிருக்கும் இளம் மருத்துவர்கள், செவிலியர்கள், எக்ஸ்ரே தொழில்நுட்பர்கள், ஒருங்கிணைப்பாளர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நோயாளியின் வீட்டார் படித்தாலும் தங்களிடம் ஏன் இத்தனை கேள்விகள் கேட்கப்படுகின்றன என்பது அவர்களுக்கு விளங்கும்.

தொடங்கும்போதே ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். மறைநிலைத் தொற்று எந்தப் படத்திலும் தெரியாது. கிருமி அடங்கிக் கிடக்கும் பெரும்பாலோரின் மார்பு எக்ஸ்ரே முற்றிலும் இயல்பாகவே இருக்கும். ஆகவே ‘எக்ஸ்ரே நார்மல், எனவே தொற்று இல்லை’ என்று கோப்பில் எழுதுவது தவறு. படத்திடம் நாம் கேட்கக்கூடியவை மூன்று. இப்போது செயல்படும் நோய் ஏதும் இருக்கிறதா? முன்பு வந்து, ஆறி, தழும்பாக நிற்கும் தடயம் உண்டா? மாற்று சிகிச்சைக்குப் பிறகு வரும் படங்களை ஒப்பிட நம்பகமான அடிப்படைப் படம் கையில் இருக்கிறதா? இந்த மூன்றில் இரண்டாவது கேள்விதான் நம் ஊரில் மிகக் குறைவாகக் கேட்கப்படுகிறது. அதனால் அதில்தான் அதிகம் நிற்கப் போகிறேன்.

படத்துக்கு முன் பேச்சு

எக்ஸ்ரே அறைக்கு அனுப்புவதற்கு முன் நோயாளியோடு கால் மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். ‘உங்களுக்கு டி.பி. வந்திருக்கிறதா?’ என்று நேராகக் கேட்டால், பலர் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். சிலர் வெட்கத்தால் மறைக்கிறார்கள். மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் இந்தப் பெயரை உச்சரிக்கவே தயங்குவார்கள். வேறு சிலருக்கு அந்தப் பெயர் சொல்லப்படவே இல்லை. ‘நெஞ்சுச் சளி’ என்றோ ‘நெறிக்கட்டி’ என்றோ சொல்லி மருந்து கொடுத்திருப்பார்கள். ஆகவே கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்பதே பலன் தரும். “ஐயா, எப்பவாவது விடாம ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டீங்களா? சாப்பிடும்போது சிறுநீர் செம்மஞ்சளா போச்சா? கழுத்துல கட்டி வந்து அறுத்தாங்களா? நெஞ்சுல ஊசி போட்டு நீர் எடுத்தாங்களா?” என்று கேட்டால் நினைவு திறக்கும். சிறுநீர் நிறம் மாறியது ரிஃபாம்பிசின் சாப்பிட்டதன் அடையாளம். பெயர் மறந்தவர்களும் அந்த நிறத்தை மறப்பதில்லை. மருந்தை எத்தனை மாதம் சாப்பிட்டார், பாதியில் நிறுத்தினாரா என்பதையும் அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் பாதியில் நின்ற சிகிச்சையின் தழும்பும் முழுமையாக முடிந்த சிகிச்சையின் தழும்பும் படத்தில் ஒன்றுபோலவே தோன்றும்.

வீட்டில் வேறு யாருக்கு வந்தது என்பதும் முக்கியம். ஒரே கூரையின் கீழ் உறங்கிய தாத்தா ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையிலோ தாம்பரம் சானடோரியத்திலோ சேர்க்கப்பட்டிருந்தார் என்று தெரிந்தால், குழந்தைப் பருவத்தில் தொற்று ஏற்பட்டிருக்க வாய்ப்பு உண்டு என்று கொள்ளலாம். மனைவியோ கணவரோ சிறுநீரகம் தர முன்வந்திருந்தால், அவரிடமும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும்.

தொழிலையும் விடாமல் கேளுங்கள். கல்குவாரியிலும் கல் அரைக்கும் ஆலையிலும் பல ஆண்டுகள் வேலை செய்தவரின் நுரையீரல் மேற்பகுதியில் சிலிக்கா தூசியால் ஏற்பட்ட முடிச்சுகள் இருக்கலாம். அவை பழைய காசநோயைப் போலவே தோன்றும். அதோடு, சிலிக்கோசிஸ் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் பல மடங்கு அதிகம். குடியாத்தத்தில் பீடி சுற்றும் பெண்கள், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளில் நெருக்கமான கூடங்களில் வேலை செய்தவர்கள், மருத்துவமனை வார்டுகளில் பணியாற்றிய செவிலியர்கள் ஆகியோரிடம் உடன் வேலை செய்தவர்களில் யாருக்கேனும் நீண்ட நாள் இருமல் இருந்ததா என்று கேட்கலாம். காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி, ஜார்க்கண்டிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வரும் நோயாளிகள் இங்கே ஏராளம். அவர்களில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் இருப்பார்கள். மொழி தெரிந்த ஒருவரை வைத்து இதே கேள்விகளை முழுமையாகக் கேட்க வேண்டும், சைகையால் முடித்துக்கொள்ளக் கூடாது.

பேச்சின் முடிவில் கேட்க வேண்டியது பழைய படங்கள். புதிதாக எடுக்கும் விலையுயர்ந்த ஸ்கேனைவிட, ஐந்தாண்டுகளுக்கு முன் குடலிறக்க அறுவைக்காகவோ வெளிநாட்டு வேலைக்காகவோ எடுத்து, பீரோவின் மேல் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும் ஒரு பழைய எக்ஸ்ரே அதிக உண்மை சொல்லும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு நிழல் ஆறிய தழும்பா, வளரும் நோயா என்பதை ஒற்றைப் படம் சொல்லாது. இரண்டு படங்களுக்கு இடையிலான காலம் சொல்லும். குறைந்தது ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரு படங்களில் எந்த மாற்றமும் இல்லாமல் இருந்து, சளிப் பரிசோதனையிலும் கிருமி வளரவில்லை என்றால்தான் அந்தத் தடயத்தைச் செயலற்றது என்று கொள்வது வழக்கம். எனவே முதல் சந்திப்பின்போதே, ஊரிலிருக்கும் பழைய படங்களையெல்லாம் அடுத்த முறை எடுத்து வரச் சொல்லுங்கள். வர இயலாதவர்கள் வெளிச்சமுள்ள ஜன்னல் கண்ணாடியில் படத்தை ஒட்டி, கைப்பேசியில் எடுத்து அனுப்பினாலும் ஒன்றுமே இல்லாததற்கு அது மேல்.

படம் எடுக்கும் நாள்

டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு எக்ஸ்ரே எடுக்கும் நாளைக் கவனத்தோடு தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு டயாலிசிஸுக்கு இடையிலான நீண்ட இடைவெளியின் முடிவில், உடலில் நீர் கூடியிருக்கும்போது எடுத்த படத்தில் நுரையீரல் வேர்கள் (இரத்தக் குழாய்களும் மூச்சுக்குழலும் நுரையீரலுக்குள் நுழையும் இடங்கள்) தடித்து, கீழ்ப்பகுதி மங்கி, இரு பக்கமும் நீர் கோத்திருக்கும். அந்த மங்கலுக்குள் சிறிய காசநோய்ப் புள்ளி இருந்தாலும் கண்ணில் படாது. இல்லாவிட்டாலும் இருப்பதுபோல் தோன்றும். டயாலிசிஸ் முடிந்து, நோயாளி மிகை நீர் நீங்கிய தம்முடைய உலர் எடைக்கு வந்த பின் எடுக்கும் படமே அடிப்படைப் படமாக இருக்கத் தகுந்தது. கல்லீரல் மாற்றுக்குக் காத்திருப்பவருக்கு வயிற்று நீரோடு வலப் பக்க மார்பிலும் நீர் சேர்ந்திருக்கலாம். இதய மாற்றுக்குக் காத்திருப்பவருக்கும் அப்படியே. அவர்களுக்கு நீரை இயன்ற அளவு குறைத்த பின் எடுப்பது நல்லது.

நிற்க வைத்து, மார்பைத் தகட்டில் ஒட்டி, முதுகுப் பக்கமிருந்து கதிர் வரும்படி எடுக்க வேண்டும். படுக்கையில் வைத்து எடுத்த படத்தை இந்தத் தேடலுக்கு ஏற்கக் கூடாது. எடுத்தவுடன் தொழில்நுட்பர் மூன்றைச் சரிபார்த்தால் மறுபடி வரவழைக்கும் சிரமம் இருக்காது. முன்பக்க விலா எலும்புகளில் ஆறாவது வரையாவது உதரவிதானத்துக்கு மேலே தெரிந்தால், மூச்சு போதுமான அளவு உள்ளிழுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு காறை எலும்புகளின் உள்முனைகளும் முதுகெலும்பின் நடுக்கோட்டிலிருந்து சம தூரத்தில் இருந்தால், உடல் திரும்பவில்லை. தோள்பட்டை எலும்புகள் நுரையீரலின் மேல் விழாமல் விலகியிருக்க வேண்டும். பெண்களின் பின்னலும் தாலிச் சரடும் நுரையீரல் உச்சியின் மேல் விழுந்து, பிறகு யாரோ அதை ‘மேல்பகுதித் தழும்பு’ என்று எழுதி வைத்த படங்கள் உண்டு. பின்னலை உயர்த்திக் கட்டச் சொல்ல வேண்டும். தாலியைக் கழற்றத் தயங்குபவரை வற்புறுத்தாமல், அதை முன்பக்கமாக நடுவில் விழும்படி ஒதுக்கி வைக்கச் சொன்னால் போதும். நேர்ப் படத்தில் காறை எலும்புக்குப் பின்னால் சந்தேகம் எழுந்தால், நோயாளியைப் பின்னால் சாய்ந்து நிற்க வைத்து உச்சிகள் மட்டும் தெரியும்படி இன்னொரு படம் எடுக்கலாம், ஆனால் சி.டி. ஸ்கேன் வசதி அருகிலேயே இருக்கும் இடத்தில் அதற்கே போய்விடுவது நேர்மையானது.

படத்தைப் படித்தல்

காசநோய் மீண்டும் எழும்பும் வழக்கமான இடங்கள் நுரையீரலின் மேல்மடலின் உச்சிப் பகுதியும் பின்பகுதியும், கீழ்மடலின் மேற்பகுதியும் ஆகும். உச்சிப் பகுதியைக் காறை எலும்பும் முதல் விலா எலும்பும் மறைப்பதால், கண் அங்கே நிற்காமல் கடந்து போய்விடும். எனவே படத்தை மாட்டியதும் முதலில் இரண்டு உச்சிகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். அடுத்து வேர்கள் இரண்டும் தம் உயரத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இயல்பில் இடப்பக்க வேர் வலப்பக்கத்தைவிடச் சற்று உயரமாக இருக்கும். வலப்பக்க வேர் இடப்பக்கத்துக்குச் சமமாகவோ அதைவிட மேலாகவோ ஏறியிருந்தால், மேல்மடல் சுருங்கி அதை இழுத்திருக்கிறது. மூச்சுக்குழாய் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதும் அதே கதையைச் சொல்லும். பிறகே நடுவையும் கீழ்ப்பகுதியையும், கடைசியாக விலா உதரவிதானக் கோணங்களையும் பார்க்க வேண்டும்.

இப்படிப் பார்க்கும்போது கிடைக்கும் பழைய தடயங்கள் எல்லாமே ஒரே எடை கொண்டவை அல்ல. முழுவதும் சுண்ணாம்பு படிந்து, ஓரம் கூர்மையாக, எலும்பைவிட வெண்மையாகத் தெரியும் சிறு முடிச்சும், அதே பக்க வேரில் சுண்ணாம்பு படிந்த ஒரு நிணநீர்க் கணுவும் இருந்தால், அது குழந்தைப் பருவத்தில் வந்து ஆறிய முதல் தொற்றின் கல்லறை என்று கொள்ளலாம். அதிலிருந்து நோய் மீண்டும் எழும் வாய்ப்பு ஒப்பீட்டளவில் குறைவு. மாறாக, மேல்மடலில் நார்க் கீற்றுகளும், ஓரம் கலங்கிய முடிச்சுகளும், மடல் சுருக்கமும், இழுபட்டு விரிந்த மூச்சுக் கிளைகளும் சேர்ந்திருந்தால், அங்கே மெதுவாகப் பெருகும் உயிருள்ள கிருமிகள் இன்னும் இருக்கலாம். இந்த இரண்டாம் வகைத் தழும்புள்ளவர், முன்பு முழுமையான சிகிச்சை எடுக்காதவராக இருந்தால், மாற்று சிகிச்சைக்குப் பின் நோய் எழும்பும் ஆபத்தில் மிகவும் முன்னே நிற்பவர். அறிக்கைகளில் இரண்டையும் ‘பழைய கோக்ஸ்’ என்ற, பழைய காசநோயைக் குறிக்கும் ஒரே சொல்லில் அடைத்துவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தச் சொல்லைப் படிப்பவர், தடுப்பு மருந்து தேவையா என்று தீர்மானிக்க முடியாமல் தவிக்கிறார். சுண்ணாம்பா, நாரா, எந்த மடல், எவ்வளவு அகலம், பழைய படத்தோடு ஒப்பிட்டதா என்று எழுதினால் இரண்டு வரி கூடும், முடிவு தெளிவாகும்.

உச்சியில் மெல்லிய தொப்பிபோல் இரு பக்கமும் சமமாகத் தெரியும் நுரையீரல் உறைத் தடிப்பு வயதானவர்களிடம் பொதுவாகக் காணப்படுவது. அதை மட்டும் வைத்துக் காசநோய் என்று சொல்ல வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் தடித்திருந்தாலோ, கீழ் ஓரம் ஒழுங்கற்று இருந்தாலோ மேலும் பார்க்க வேண்டும். புகைபிடிப்பவரிடம் உச்சியில் வளரும் புற்றுநோயும் இப்படித் தொடங்கும்.

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கே உரிய சில ஏமாற்றங்களும் உண்டு. நீண்ட காலம் டயாலிசிஸில் இருந்து, கால்சியமும் பாஸ்பரஸும் கட்டுக்குள் வராதவர்களின் நுரையீரல் திசுவிலேயே சுண்ணாம்பு படியும். அதுவும் மேல்மடல்களைத்தான் விரும்பும், பஞ்சுபோன்ற முடிச்சுகளாகத் தெரியும். பாராதைராய்டு ஹார்மோன் அளவைப் பார்க்காமல் அதைக் காசநோய் என்று எழுதியவர்கள் உண்டு. சிறுநீரகச் செயலிழப்பால் வரும் நுரையீரல் உறை அழற்சியும் காசநோய் நீரைப்போல் ஒரு பக்கத்தில் நீரைச் சேர்க்கும். ஒரு பக்க நீர், டயாலிசிஸை அதிகரித்தும் வற்றாமல் நின்றால், ஊசியால் எடுத்து அணுக்களின் வகை, ஏ.டி.ஏ. என்னும் நொதியின் அளவு, கிருமி வளர்ப்பு ஆகியவற்றுக்கு அனுப்பாமல் விடக் கூடாது. சிறுநீரகம் பழுதுபட்டதற்குச் சர்க்கரை நோயே காரணமாக உள்ளவர் இங்கே பலர். சர்க்கரை நோயாளிகளுக்குக் காசநோய் கீழ்மடலிலும் வரும் என்பதால், ‘உச்சி சுத்தம்’ என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

செயல்படும் நோயின் அடையாளங்கள் சுவர் தடித்த குழிகள், புதிதாகத் தோன்றிய திட்டுகள், தினை தெளித்தாற்போல் இரு நுரையீரலிலும் பரவிய நுண்புள்ளிகள், பெருத்த நிணநீர்க் கணுக்கள் ஆகியவை. பழைய குழிக்குள் உருண்டையாக ஒன்று அமர்ந்து, மேலே பிறைபோல் காற்று தெரிந்தால், அது பெரும்பாலும் பூஞ்சைப் பந்து. காசநோய் தீர்ந்துபோயிருந்தாலும் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்துக்குப் பின் அந்தப் பூஞ்சை உயிரைப் பறிக்கலாம் என்பதால், அதை மாற்று சிகிச்சைக் குழுவுக்கு அன்றே தெரிவிக்க வேண்டும்.

எக்ஸ்ரேயைப் படிக்கும் கணினி மென்பொருளை 15 வயதுக்கு மேற்பட்டோரிடம் நுரையீரல் காசநோயைத் தேடப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. ஊர் ஊராகச் சென்று எடுக்கும் முகாம்களில் அது பேருதவி. ஆனால் அது தேடுவது செயல்படும் நோயை. நாம் இங்கே தேடும் ஆறிய தழும்பை அது குறைத்து மதிப்பிடலாம் என்பதால், மாற்று சிகிச்சைக்கான படத்தில் அது தரும் எண்ணை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம்.

தோலும் இரத்தமும் சொல்வதோடு சேர்த்து

காசநோய்த் தொற்றைத் தோலில் சோதிக்கும் மாண்டூ ஊசி போட்ட இடத்தில் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தடிப்பை அளக்க வேண்டும்; சிவப்பை அளக்கக் கூடாது. மாற்று சிகிச்சைக்குக் காத்திருப்பவருக்கு 5 மில்லிமீட்டர் தடிப்பே நேர்மறை. இக்ரா என்னும் இரத்தப் பரிசோதனைக்குப் பழைய பி.சி.ஜி. தடுப்பூசியால் குழப்பம் வராது. ஊசியை அளக்க நோயாளி மறுபடி வர வேண்டியதும் இல்லை. இவ்விரண்டும் நோயாளியின் எதிர்ப்பு அணுக்கள் விழித்திருந்தால்தான் பேசும். சிறுநீரகச் செயலிழப்பில் அந்த அணுக்கள் சோர்ந்திருப்பதால், தொற்று உள்ளவரிடமும் மாண்டூ தட்டையாகவே இருப்பது அடிக்கடி நடக்கும். இக்ராவும் ‘தீர்மானிக்க இயலவில்லை’ என்று திரும்பி வரும்.

படம் தன் முழு மதிப்பையும் காட்டும் இடம் இதுதான். தோலும் இரத்தமும் மறந்துவிட்ட தொற்றை நுரையீரல் தழும்பாக வைத்திருக்கிறது. ஆகவே, முன்பு முழுச் சிகிச்சை பெறாதவரின் படத்தில் ஆறிய காசநோயின் நார்த் தழும்பு தெளிவாகத் தெரிந்தால், மாண்டூவும் இக்ராவும் எதிர்மறையாக இருந்தாலும் அவரைத் தொற்றுள்ளவராகவே நடத்த வேண்டும். பரிசோதனை எதிர்மறை என்ற ஒரே காரணத்தால் தழும்பைப் புறக்கணிப்பதைவிடப் பெரிய பிழை இந்தத் தேடலில் வேறில்லை.

சி.டி. ஸ்கேன் யாருக்கு

காத்திருப்போர் எல்லோருக்கும் சி.டி. எடுக்கும் மையங்கள் உண்டு. நான் அந்த அளவுக்குப் போக மாட்டேன். ஆனால் எடுப்பதற்கான வாசலைத் தாழ்வாகவே வைத்திருப்பேன். எக்ஸ்ரேயில் எந்தச் சந்தேகம் இருந்தாலும், முன்பு காசநோய் வந்திருந்தாலும், அண்மையில் காசநோயாளியோடு ஒரே வீட்டில் வசித்திருந்தாலும், மாண்டூவோ இக்ராவோ நேர்மறையாக இருந்தாலும், காரணம் தெரியாத காய்ச்சலோ எடைக் குறைவோ இருந்தாலும் சி.டி. எடுத்துவிட வேண்டும். ஒரு மார்பு எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு ஏறத்தாழ 0.02 மில்லிசீவெர்ட், வழக்கமான சி.டி.யில் அது 5 முதல் 7 வரை போகும்; குறைந்த அளவுக் கதிரில் எடுத்தால் 1.5ஐ ஒட்டி நிற்கும். நுரையீரல் திசுவைப் பார்க்க அந்தக் குறைந்த அளவே போதும், சாய மருந்தும் தேவையில்லை. பெருத்த நிணநீர்க் கணுக்களின் நடுப்பகுதி அழுகியிருக்கிறதா என்று பார்க்கத்தான் சாயம் வேண்டும். இன்னும் டயாலிசிஸ் தொடங்காத, கொஞ்சம் சிறுநீரகம் மிச்சமிருப்பவருக்கு அதைச் சிறுநீரக மருத்துவரிடம் கலந்த பின்னரே கொடுக்க வேண்டும்.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லாத இடத்தில் சி.டி. காட்டும் முக்கியமான அடையாளம், சிறு மூச்சுக்குழல்களின் முனைகளில் கூடியிருக்கும் நுண்முடிச்சுகள். மொட்டு விட்ட மரக்கிளையைப்போல் கிளைத்துத் தெரியும் அந்தத் தோற்றம், நோய் மூச்சுக்குழல் வழியே இப்போது பரவுகிறது என்பதற்கான எச்சரிக்கை. மற்ற நோய்க்கிருமிகளும் அப்படிச் செய்யும் என்பது உண்மையே. ஆனாலும் மேல்மடலில் அதைக் கண்டால், காசநோய் இல்லை என்று நிரூபிக்கும் வரை அறுவைக்கு நாள் குறிக்கக் கூடாது.

சந்தேகம் எழுந்த பின்

செயல்படும் நோய் இருக்கலாம் என்று தோன்றியதும், நோயாளிக்கு முகக்கவசம் கொடுத்து, டயாலிசிஸ் கூடத்தில் மற்றவர்களிடமிருந்து விலக்கி அமர்த்த வேண்டும். அங்கே இருப்போர் அனைவருமே எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள். சளி வருபவரிடம் இரண்டு மாதிரிகளாவது எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் பரிசோதனைக்கும் திரவ ஊடக வளர்ப்புக்கும் அனுப்ப வேண்டும். முதலது சில மணி நேரத்தில் விடை தரும், ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்பதையும் சொல்லும். வளர்ப்பின் எதிர்மறை விடைக்கு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். சளியே வராதவர்களுக்கு உப்புக்கரைசல் ஆவியைச் சுவாசிக்க வைத்து வரவழைக்கலாம். அதுவும் பலிக்காவிட்டால் பிராங்கோஸ்கோப்பி மூலம் நுரையீரலைக் கழுவி எடுக்கலாம். நோய் உறுதியானால், காசநோயாளிகளுக்கான அரசின் நிக்ஷய் பதிவில் சேர்த்துச் சிகிச்சை தொடங்குவதும், மாற்று சிகிச்சையை ஒத்திவைப்பதும் தவிர்க்க முடியாதவை. காத்திருக்கும் குடும்பத்துக்கு அது பெரும் இடி என்பதை அறிவேன். ஆனால் அவர்களிடம் காரணத்தை முழுமையாகச் சொன்னால், பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள்.

நோய் இல்லை, தழும்போ நேர்மறைப் பரிசோதனையோ மட்டும் இருக்கிறது என்றால், தடுப்பு மருந்தைப் பற்றிப் பேச வேண்டும். இந்திய அரசின் 2021 வழிகாட்டுதல்களும் டயாலிசிஸில் இருப்பவர்களையும் மாற்று சிகிச்சைக்கு ஆயத்தமாகுபவர்களையும் இதற்கு உரியவர்களாகக் கணக்கிடுகின்றன. டயாலிசிஸிலும் மாற்றுக்குப் பின்னும் ஐசோனியாசிட் தடுப்பாகப் பயன்படுமா என்று இரட்டை மறைப்பு முறையில் (யாருக்கு எந்த மருந்து என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதபடி) சோதித்த ஆய்வொன்று 1994இலேயே வேலூரிலிருந்து வெளிவந்தது. இந்தக் கேள்வி இந்த ஊருக்குப் புதிதல்ல. ஐசோனியாசிட் நாளுக்கு அதிகபட்சம் 300 மில்லிகிராம், வைட்டமின் பி6 துணையோடு, 6 முதல் 9 மாதம் தரப்படுகிறது. டயாலிசிஸ் நாட்களில் டயாலிசிஸ் முடிந்த பின்பே விழுங்க வேண்டும். வாரம் ஒரு முறை ஐசோனியாசிட்டும் ரிஃபாபென்டினும் சேர்ந்த 12 வாரச் சிகிச்சையும் உண்டு. ரிஃபாபென்டின் ரிஃபாம்பிசின் இனத்தைச் சேர்ந்தது என்பதால், இந்தச் சிகிச்சையை, டாக்ரோலிமஸ் தொடங்கும் முன் முடித்துவிட வேண்டும். உறவினர் தரும் சிறுநீரகத்துக்கு நாள் முன்கூட்டியே தெரியும், அங்கே இது பொருந்தும். மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்காக மாநிலப் பட்டியலில் காத்திருப்பவருக்கு அழைப்பு எந்த இரவிலும் வரலாம், அவருக்கு ஐசோனியாசிட் பாதுகாப்பானது. மருந்து முடியவில்லை என்பதற்காகக் கிடைத்த உறுப்பை இழக்க வேண்டியதில்லை. மாற்றுக்குப் பின் தொடரலாம். கல்லீரல் செயலிழந்தவர்களிடம் இந்த மருந்துகளே கல்லீரலைத் தாக்கும் என்பதால், பெரும்பாலும் மாற்று முடிந்து கல்லீரல் நிலைபெற்ற பின் தொடங்குவார்கள். முன்பு காசநோய்க்கு முழுச் சிகிச்சை முடித்ததற்குச் சான்றுள்ளவருக்கு, புதிதாகக் காசநோயாளியோடு பழகாத வரை, தடுப்பு மருந்து மறுபடி தேவைப்படுவதில்லை.

உறுப்பு தருபவரின் நுரையீரலையும் இதே ஒழுங்கில் பார்க்க வேண்டும். அவரிடமுள்ள செயல்படும் நோய் உறுப்போடு சேர்ந்தே பயணிக்கும். மறைநிலைத் தொற்று இருந்தால், நேரம் இருக்குமானால் அவருக்கும் தடுப்பு மருந்து தொடங்குவது நல்லது.

கோப்பில் என்ன இருக்க வேண்டும்

அறிக்கையில் படம் எடுத்த தேதியும், டயாலிசிஸுக்கு முன்னா பின்னா என்பதும், எந்தப் பழைய படத்தோடு ஒப்பிடப்பட்டது என்பதும், தடயத்தின் இடமும் வகையும், செயல்படும் நோயின் அடையாளம் உண்டா இல்லையா என்பதும் தனித்தனி வாக்கியங்களாக இருக்க வேண்டும். ஒப்பிடப் பழைய படம் கிடைக்காவிட்டால் அதையும் எழுதி, எந்த மாதம் மறுபடம் எடுக்க வேண்டும் என்று குறிப்பிட வேண்டும். பட்டியலில் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவருக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது எக்ஸ்ரேயைப் புதுப்பிக்க வேண்டும் என்பது என் கருத்து; வீட்டில் யாருக்கேனும் நோய் வந்தால் உடனே எடுக்க வேண்டும். உறுப்பு கிடைத்துவிட்டது என்ற அழைப்பு நள்ளிரவில் வந்து, நோயாளி ஊரிலிருந்து வேனில் வந்து சேர்ந்ததும் எடுக்கும் எக்ஸ்ரேயை, அன்று பணியிலிருக்கும் மருத்துவர் சில மணி நேரத்துக்குள் பழைய படத்தோடு ஒப்பிட்டாக வேண்டும். எனவே அந்த அடிப்படைப் படம், நோயாளியின் கையில் ஒரு பிரதியாகவும், மாற்று சிகிச்சைப் பிரிவின் கணினியில் அவர் பெயரைத் தட்டினால் முதலில் வரும் கோப்பாகவும் இருக்கும்படி ஒருங்கிணைப்பாளர் முன்பே ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.